பன்னிரண்டாவது வரி

ஜனவரி 10, சனி

மரண அறிவித்தல்.

சீனாவைப் பிறப்பிடமாகவும், வட நோர்வேயில் எங்கள் குசினியை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் ரைஸ் குக்கர் அவர்கள் இன்று காலை 7.40 மணியளவில், அரைவேக்காட்டுச் சோற்றை வயிற்றில் சுமந்தபடி காலமானார். அன்னார் அம்மாவின் வலது கையும், அப்பாவின் ஆருயிர் நண்பரும், மைக்ரோவேவின் மூத்த சகோதரரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: யதுசன் (வயது பதினாறு, குடும்பப் பேச்சாளர்).

இதை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். "விடியக் காலமை என்னடா உந்த அபசகுனம்?" என்று அம்மா கிழித்துக் குப்பையில் போட்டார். போட்ட பிறகு தனியே நின்று சிரித்ததும் எனக்குக் கேட்டது.

நான் ஏன் தமிழில் நாட்குறிப்பு எழுதுகிறேன் என்று வருங்கால ஆராய்ச்சியாளர்கள் குழம்பக்கூடும். தமிழ்ப்பற்று என்று எழுதிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் எவனாலும் இதை வாசிக்க முடியாது. அக்கா எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் சுவீடன் எல்லையைத் தாண்டிவிடலாம். இதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையிலும் இல்லை.

என் சாதனைகளில் ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். போன வருடம் நகரசபையின் கடிதத் தலைப்பில், "இதய வடிவ வாஃபிளுக்கு இனிமேல் காதல் வரி" என்று ஓர் அறிவித்தல் தயாரித்துப் பள்ளிக்கூடத்தில் ஒட்டினேன். உணவுச்சாலைப் பெண் இரண்டு நாள் வாஃபிளைச் சதுரமாக வெட்டி விற்றார். பள்ளி அதிபர் கூப்பிட்டு ஏசினார். ஏசி முடித்து, "ஆனால் மொழிநடை அச்சொட்டு, அசல் நகரசபைதான்" என்றார். அந்த ஒரு வரி எனக்குப் பட்டம்.

மத்தியானம் லீனஸ் மாமா சாப்பிட வந்தார். மன்னார்க் கடலில் மீன் பிடித்தவர். எங்கள் ஊர் மீன் தொழிற்சாலையில் அப்பாவுக்குப் பக்கத்து மேசையில் மூன்று வருடம் மீன் வெட்டியவர். லீனஸ் என்பது இங்கே வெள்ளைக்காரப் பொடியன்களுக்கும் வைக்கிற பெயர். அந்தப் பெயருக்கு எப்போதோ விசா கிடைத்துவிட்டது, ஆளுக்குத்தான் இல்லை. ஏழு வருடம், மூன்று மறுப்பு. கடைசி மறுப்போடு வேலை அனுமதியும் போனது. பெப்ரவரி பத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். சும்மா இருக்க மாட்டாதவர், இப்போது தனியாக இருக்கிற கிழவிகளின் வாசல்களில் பனி வழிக்கிறார்.

குப்பையில் கிடந்த என் அறிவித்தலைப் பொறுக்கி, துண்டு துண்டாகப் பொருத்தி வாசித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மருமோன், நான் செத்தால் எனக்கும் நீதான்ரா எழுத வேணும். 'மன்னாரைப் பிறப்பிடமாகவும்...'" என்றவர் நிறுத்தினார். "வதிவிடம் எண்ட இடத்திலை என்னடா போடுவாய்?"

"அகதி முகாம், அறை இலக்கம் 14 எண்டு போடுவன்."

அம்மா அகப்பைக் காம்பால் என் தலையில் ஒன்று போட்டார். லீனஸ் மாமா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அரைவேக்காட்டுச் சோற்றை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

ஜனவரி 12, திங்கள்

தமிழ்ச் சங்கக் கூட்டம். அப்பா சங்கச் செயலாளர். செயலாளர் என்றால் செயலை ஆள்பவர் என்று தமிழ்ப் புத்தகம் சொல்கிறது; எங்கள் அப்பாவை வட்ஸ்அப் செயலிதான் ஆள்கிறது. தலைவர் புவனேந்திரம் மாமா. அவர் பேசத் தொடங்கினால் கூட்டம் கலையாது, உறைந்துபோகும்.

இன்று மட்டும் விசயம் பெரிது: லீனஸ் மாமா. எங்கள் மாகாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர் தேவாலயப் பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறார்: "ஊர் இந்த மனிதரோடு நிற்கிறது என்று எனக்குக் காட்டுங்கள். நான் பாராளுமன்றத்தில் அமைச்சரிடம் கேட்கிறேன். வழக்கைத் திரும்ப எடுக்க இன்னும் வழி இருக்கிறது." காட்டுவது என்றால் ஆட்கள். பத்திரிகைப் படத்தில் ஓரம் தெரியாமல் நிறைந்த ஆட்கள். ஆகவே 24ஆம் திகதி சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, தேவாலயத்திலிருந்து நகரசபை வரை ஊர்வலம். தமிழர் நூற்றெண்பது பேர். பாதிரியார் தன் பங்குக்கு நூற்றிருபது என்றார். இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு சூரியன் தலைகாட்டுகிற நாளும் அதுதான். சூரியனை வரவேற்க ஊரே இனிப்புச் சூரிய பணிஸ் தின்னும்.

பொலிசுக்கு அறிவிக்கும் கடிதத்தை நான்தான் நோர்வேஜிய மொழியில் எழுதினேன். சங்கத்துக்கு வருகிற, சங்கத்திலிருந்து போகிற எல்லாக் கடிதமும் என் கையால்தான். உண்மையான கடிதம் எழுதுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஊர்வலத்தில் ஒலிபெருக்கி பிடிப்பது நான் என்று எல்லோருக்கும் முன்னால் அறிவித்தேன். முன் வரிசை, நடு ஆள்.

ஜனவரி 15, வியாழன்

தபால்பெட்டியை அப்பா ஒரு நாளில் நாலு தரம் திறக்கிறார். தபால் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள்.

"அப்பா, இஞ்சை அனுமதி கேக்கத் தேவையில்லை. அறிவிச்சால் காணும். சமூகப் பாடத்திலை படிச்சனான்."

"பொலிஸ் ஒண்டும் சொல்லேல்லையே."

"ஒண்டும் சொல்லாட்டி, நடக்கலாம் எண்டு அர்த்தம்."

அப்பா பெட்டியை மூடினார். "ஒண்டும் சொல்லாத பொலிசுக்குத்தான்ரா அங்கை நாங்கள் கூடுதலாப் பயந்தனாங்கள்."

இவர் இருபத்துநாலு வருடம் நோர்வேப் பிரசை. தேர்தலுக்குத் தேர்தல் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் வாக்குப் போடுகிறவர்.

பின்னேரம் தலைவர் மாமா தொலைபேசியில் கத்தினது எனக்கு மாடிப்படியில் கேட்டது. "சீல் குத்தின பேப்பர் கையிலை இல்லாமல் என்ரை சனத்தை நான் ரோட்டிலை இறக்கமாட்டன். ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

அவர்களுக்கு வேண்டியது உரிமை இல்லை. பேப்பர்.

ஜனவரி 16, வெள்ளி

பேப்பர் வேண்டுமா? தந்தால் போயிற்று.

பள்ளி நூலகம், இரண்டு மணித்தியாலம். அப்பாவுக்குப் போன வருடம் பொலிஸ் அனுப்பிய வாகனத் தண்டக் கடிதத்திலிருந்து தலைப்பும் சின்னமும். கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, அதற்குக் கீழே "பிரிவுத் தலைவர்". சீல், சாம்பல் கலந்த நீலம், கொஞ்சம் சரிந்து, ஒரு பக்கம் மை குறைவாக. நேராகக் குத்தின சீலை எந்தத் தமிழனும் நம்பமாட்டான்.

அனுமதி மட்டும் கொடுத்தால் காதல் வரி போல இருக்கும். உண்மையான அரசாங்கக் கடிதத்தில் எரிச்சலூட்டுகிற நிபந்தனை இருக்க வேண்டும். ஐந்து போட்டேன். வரிசையாக நடத்தல். மிளிரும் மேலங்கி அணிதல். ஒலிபெருக்கி ஒன்று மட்டும். நாலாவது என் செல்லப்பிள்ளை: ஊர்வலத்தின்போது கடற்பறவைகளுக்குத் தீனி போடுதல் தடை.

ஐந்தாவது: பங்குபற்றுவோர் அனைவரினதும் முழுப்பெயர், பிறந்த திகதி, முகவரி, கையொப்பம் அடங்கிய பட்டியல், ஊர்வலம் முடிவில் பொலிசாரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும்.

அந்த ஐந்தாவதுதான் கடிதத்துக்கு உயிர். வாசித்துப் பார்த்தேன். எனக்கே பொலிஸ் மேல் கோபம் வந்தது.

ஜனவரி 17, சனி

வெற்றி!

இரவு நான் போட்ட உறையை அப்பா பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்து வந்தார். தலைவர் மாமா காரில் பறந்து வந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டி, "வடிவா வாசிச்சுச் சொல்லு" என்றார்கள். என் கடிதத்தை நானே மொழிபெயர்த்தேன். கடினமான இடத்தில் நின்று யோசிப்பதுபோல நெற்றியைச் சொறிந்தேன்.

தலைவர் மாமா சின்னத்தைத் தடவிப் பார்த்தார். "அங்கையும் சிங்கம், இஞ்சையும் சிங்கம். அங்கை கையிலை வாள், இஞ்சை கோடாலி. ஆனால் இது ஓம் எண்டு சொல்லுற சிங்கம்."

அப்பா உடனே வட்ஸ்அப்பில் போட்டார்: "அனுமதி கிடைத்துவிட்டது. கடற்பறவைக்குப் பாண் துண்டு கொண்டுவர வேண்டாம்."

நான் குளியலறைக்குள் ஓடித் துவாயை வாயில் அடைத்துச் சிரித்தேன். சமூகப் பாடம் ஒரு வருடமாகச் செய்யாததை நான் ஒரு பக்கத்தில் செய்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பட்டியலுக்கென்று அப்பா கோடு போட்ட தாள் வாங்கி, முந்நூறு வரை இலக்கம் இட்டு, வீடு வீடாகக் கொண்டுபோகிறார். நானும் கூடப் போனேன்.

முதல் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். "நான் நிச்சயம் வருவன் அண்ணை. பேர் மட்டும் வேண்டாமே. குடியுரிமைக்குப் போட்டிருக்கிறன்."

இரண்டாவது வீடு: "அம்மா அங்கை தனிய இருக்கிறா. இந்த லிஸ்ட் எங்கை எங்கை போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

மூன்றாவது வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

"அப்பா, அந்த லிஸ்ட்டை விடுங்கோ. பொலிஸ் பாக்காது" என்றேன் காருக்குள்.

"கடிதத்திலை கிடக்கு. நீதானே வாசிச்சனி."

இறங்கி வரும்போது வழியில் லீனஸ் மாமா பனி வழித்துக்கொண்டு நின்றார். தாளை வாங்கி, சவள் பிடியில் வைத்து, முதலாவது வரியில் எழுதினார். முழுப்பெயர், பிறந்த திகதி, முகாம் முகவரி. விரல் விறைத்துப்போய் எழுத்து வளைந்தது.

"என்ரை தம்பியும் உப்பிடி ஒரு பேப்பரிலைதான் பேர் எழுதினவன்" என்றார், பேனாவைத் திருப்பித் தந்தபடி. "காணாமல் போன ஆக்களுக்காண்டி. பேந்து அந்த லிஸ்ட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு வீட்டை வந்தவங்கள். அவனைக் கேட்டு ஒருக்கா. கொஞ்ச நாளாலை என்னைக் கேட்டு."

"தம்பி இப்ப எங்கை மாமா?"

"அவனுக்காண்டி இன்னொரு லிஸ்ட் இருக்கு, மருமோன்."

பிறகு சிரித்தார். "அது அங்கை. இஞ்சை சட்டப்படி கேக்கிறாங்கள், சட்டப்படி குடுக்கிறம்."

ஜனவரி 22, வியாழன்

ஒன்பது பெயர். வெளியே பயங்கரக் குளிர், பூச்சியத்துக்குக் கீழே பதினேழு. ஆட்கள் பின்வாங்குவது குளிரால்தான்.

ஜனவரி 23, வெள்ளி

தலைவர் மாமா ஊர்வலத்தைப் பின்போட்டுவிட்டதாகப் பாதிரியாருக்கும் சொல்லிவிட்டார்; அவருடைய நூற்றிருபது பேரும் கலைந்துவிட்டார்கள். பின்போடுவது என்பது போடாமல் விடுவதற்கு மரியாதைச் சொல். "பேர் இல்லாமல் போனால் சட்டத்தை மீறினது. பேரோடை போக ஆளில்லை. நான் என்ன செய்ய?"

லீனஸ் மாமா மட்டும், "அறிவிச்சது அறிவிச்சதுதான். நான் போய் நிப்பன்" என்றாராம். அப்பா தன் பெயரைப் பட்டியலில் எழுதினார்.

அக்கா பிரவீணா தாதிப் படிப்புப் படிக்கும் நகரத்திலிருந்து மாலை வந்தாள். கடிதத்தை எடுத்து வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.

"அப்பா, பொலிஸ் இப்பிடி ஒருநாளும் கேக்காது. கேக்கவும் ஏலாது."

"சீல் இருக்குப் பிள்ளை."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "யது, நீ இதை வாசிச்சனியா?"

"நான்தானே மொழிபெயர்த்தனான்."

"நான் அதைக் கேக்கேல்லை."

"அக்கா, சூரிய பணிஸ் முடிஞ்சுபோம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். கடையில் பணிஸ் மலைபோல இருந்தது.

ஜனவரி 24, சனி

ஊர்வலம் நடந்தது. நானும் இருந்தேன்.

பொலிசார் தேவாலய வீதியை முழுக்க மறித்து, செம்மஞ்சள் கூம்புகளை நகரசபை வரை இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். முந்நூறு பேருக்கான வீதி. அதன் நடுவில் கொஞ்சம் தொப்பிகள். லீனஸ் மாமாவின் நீலத் தொப்பி, அம்மாவின் சிவப்புத் தொப்பி, அக்கா, அப்பாவின் வழுக்கைத் தலை (தொப்பியை மறந்துவிட்டார்), பாதிரியார், லீனஸ் மாமா பனி வழித்துக்கொடுக்கும் இரண்டு கிழவிகள் தள்ளுவண்டிகளோடு, முகாமிலிருந்து நாலு பேர். எல்லோரும் மிளிரும் மேலங்கி போட்டு, வரிசையாக நடந்தார்கள். ஒருவரும் கடற்பறவைகளுக்குத் தீனி போடவில்லை. மேலேயிருந்து பார்க்க, யாரோ வீதியில் சிந்திவிட்டுப்போன சில பொத்தான்கள் மாதிரி இருந்தது.

பொலிஸ்காரி ஒருத்தி அப்பாவோடு கதைத்தார். வாய் அசைந்தது. பிறகு அக்காதான் சொன்னாள், அவர் கேட்டது இதுதானாம்: "மற்றவர்கள் எங்கே? எல்லாம் தயார் என்று மின்னஞ்சல் போட்டோமே." சங்கத்து மின்னஞ்சலின் கடவுச்சொல் முந்தைய செயலாளரிடம். அவர் கனடாவில்.

அப்பா பட்டியலை நீட்டியிருக்கிறார். பொலிஸ்காரி பின்வாங்கி, "வேண்டாம், வேண்டாம். யார் வந்தார்கள் என்று நாங்கள் இங்கே பெயர் எடுப்பதில்லை" என்றாராம். அப்பா தமிழில் லீனஸ் மாமாவிடம் சொன்னாராம்: "சின்ன உத்தியோகத்தி. அவவுக்குச் சட்டம் தெரியாது."

12.09க்குச் சூரியன் மலைக்கு மேலே வந்து, பார்த்து, 12.20க்குப் போய்விட்டது.

ஜனவரி 26, திங்கள்

பத்திரிகையில் முதல் பக்கம். தலைப்பு: "லீனசுக்காகப் பதினொரு பேர்". படத்தில் வெறும் கூம்புகள்தான் கூட்டம். என்னோடு பன்னிரண்டு. பத்திரிகைக்காரருக்கு எண்ணத் தெரியாது.

பெப்ரவரி 3, செவ்வாய்

பாராளுமன்ற உறுப்பினரின் பதில் பாதிரியாருக்கு வந்தது. அவர் அதைக் கொண்டுவந்து, அப்பாவுக்காக என்னை வாசிக்கச் சொன்னார். உண்மையான கடிதம். சின்னம் நேராக இருந்தது. மொழி மிக மரியாதை. படத்தைப் பார்த்தாராம். ஊரின் ஆதரவு தான் எதிர்பார்த்த அளவில் இல்லை என்று அறிந்து வருந்துகிறாராம். இந்த நிலையில் கேள்வி எழுப்புவது லீனசுக்கே பயன் தராது என்று கருதுகிறாராம்.

மொழிபெயர்த்தேன். நெற்றியைச் சொறியவில்லை.

"குளிர்" என்றார் அப்பா. "குளிரெண்டபடியால் சனம் வரேல்லை."

நான் ஓம் என்றேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

காலையில் லீனஸ் மாமா ஒரு முதுகுப்பையோடு வந்தார். பொலிஸ் கூட்டிக்கொண்டு போய் இறக்கினால் கொழும்பில் கூடுதலாகக் கேள்வி வருமாம். தானாகப் போனால் சில நேரம் ஒன்றும் இல்லையாம். "சில நேரம்" என்பதை இரண்டு தரம் சொன்னார்.

அம்மா சோற்றுப் பொதி கட்டிக் கொடுத்தார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். "தம்பி, இறங்கின உடனை எடு. என்ன?"

"ஓம் அண்ணை, உடனை எடுப்பன்."

வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டு ஓர் உறையைத் தந்தார். உள்ளே நாலாக மடித்த பட்டியல்.

"அண்டைக்கு அந்தப் பிள்ளை வாங்கேல்லை. கடிதத்திலை குடுக்கச் சொல்லிக் கிடக்கெல்லே. நீ பாஷை தெரிஞ்சவன், பெரிய பொலிஸ் கந்தோரிலை குடுத்துவிடு மருமோன். நாங்கள் எல்லாம் சட்டப்படிதான் செய்தனாங்கள் எண்டு ஒரு இடத்திலையெண்டாலும் பதிஞ்சு கிடக்கட்டும்."

நான் ஏதாவது பகிடி சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நான் உறையைச் சட்டைப்பைக்குள் செருகினேன். என் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, பேருந்துக்குப் போனார். போகிற வழியில், எங்கள் வாசல் படியில் கிடந்த பனியைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார்.

பெப்ரவரி 12, வியாழன்

விமானம் கொழும்பில் நேற்று இறங்கிவிட்டது. அவருடைய தொலைபேசி மணி அடிக்கவே இல்லை, நேராக 'தொடர்புகொள்ள முடியாது' என்கிற பெண்குரல்தான்.

பெப்ரவரி 14, சனி

புது ரைஸ் குக்கர் வந்தது. அறிவித்தல் எதுவும் ஒட்டவில்லை. அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவை இரண்டு தரம் பார்த்தார்.

பெப்ரவரி 17, செவ்வாய்

மன்னாரில் அவருடைய தமக்கையோடு அம்மா கதைத்தார். வீட்டுக்கு வரவில்லை. இறங்கினவர்களில் அவரை மட்டும் ஒரு பக்கமாகக் கூட்டிப்போனதைக் கூட வந்த ஒருவர் கண்டாராம். அவ்வளவுதான்.

அப்பா அந்த அனுமதிக் கடிதத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, பிளாஸ்ரிக் உறையோடு மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். "எல்லாம் கேட்டபடிதானே செய்தனாங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பெப்ரவரி 19, வியாழன்

பட்டியலை நான் எந்தக் கந்தோரிலும் கொடுக்கவில்லை. அதை வாங்க ஒரு கந்தோர் இல்லை. அந்தக் கந்தோரைக் கட்டினவன் நான், ஐந்தாவது நிபந்தனையில்.

குளிர் என்று எழுதியது பொய். மைனஸ் பதினேழில் எங்கள் ஆட்கள் கோயில் தேர் இழுத்திருக்கிறார்கள். என் கடிதம் அச்சொட்டாக இருந்தது. அதனால்தான் ஒருவரும் வரவில்லை. காதல் வரிக்கு ஒரு வாஃபிள்தான் சதுரமானது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதினால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் மன்னிக்கவும்.

பத்திரிகைக்காரருக்கு எண்ணத் தெரியும். 24ஆம் திகதி நான் ஊர்வலத்தில் இல்லை. வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் போன பிறகு, பின்பக்கத் தெருவால் ஓடி, நகர நூலகத்தின் இரண்டாம் மாடியில், சிறுவர் புத்தகங்களுக்குப் பக்கத்து யன்னலில் நின்றேன். கையில் சூரிய பணிஸ் இருந்தது. கண்ணாடியால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கடிதத்தைப் பற்றிப் பொலிஸ் கேட்டால் என்ன செய்வது என்ற பயம். பெயர் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம். அந்தப் பட்டியலை யாரும் வாசிக்கப்போவதில்லை என்று முழு ஊரிலும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்படியிருந்தும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஒலிபெருக்கி என் கட்டிலுக்குக் கீழே இன்னும் பெட்டியோடு இருக்கிறது.

ஒரு தரம் லீனஸ் மாமா நின்று, திரும்பி, யாரையோ தேடினார். முன் வரிசை நடுவில் ஓர் இடத்தை விட்டுத்தான் நின்றார்கள். நான் யன்னலிலிருந்து ஓரடி பின்னால் போனேன். பணிசை முழுக்கத் தின்று முடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது பட்டியல் எனக்கு முன்னால் விரித்துக் கிடக்கிறது. முதலாவது வரியில் அந்த வளைந்த எழுத்து. பதினோராவது வரியில் அக்கா. பன்னிரண்டிலிருந்து முந்நூறு வரை அப்பா இட்ட இலக்கங்கள் மட்டும். பேனாவைப் பன்னிரண்டில் வைத்துப் பார்த்தேன். முழுப்பெயரின் முதல் எழுத்துவரை வந்தேன்.

எடுத்துவிட்டேன். இன்றைக்குப் போட்டால் அதுவும் கள்ளக் கையெழுத்துத்தான்.